நான்காம் அறையில் விழுந்த டம்ளர்

என் காதுக்கு ஆதாரம் கேட்டான் ஒருவன்.

பதினைந்து வருஷம் கடற்படையில் இருந்தவன் நான். அதில் ஒன்பது வருஷம் நீர்மூழ்கிக் கப்பலில். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடலைக் கேட்பதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மேலே போவது சரக்குக் கப்பலா போர்க்கப்பலா, அதற்கு எத்தனை புரொப்பல்லர், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எல்லாவற்றையும் தொடையில் விரலால் தட்டி எண்ணிச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் மலைப்பாதையில் பஸ் ஏறி வரும்போது, அது போளூர் வண்டியா திருப்பத்தூர் வண்டியா என்று கண்ணில் படுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனிடம், கடலைக் கோடை விடுமுறையில் மட்டும் பார்த்திருக்கக்கூடிய ஒருவன் ஒரே வார்த்தையில் கேட்டான்: "ஆதாரம்?" ஒரு வணக்கம் இல்லை, ஒரு தயவுசெய்து இல்லை. படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

சண்டை ஒரு கணினி விளையாட்டைப் பற்றியது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். என் மனைவி சிரித்து முடித்துப் பல மாதங்கள் ஆகின்றன.

கடற்படையிலிருந்து வந்த பிறகு போளூரில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தேன். அந்த வேலையும் முடிந்தது. மனைவி ஜவ்வாது மலையில் அரசுப் பள்ளி ஆசிரியை. அவளுக்கு ஓய்வு வர இன்னும் சில வருஷம் இருப்பதால், காவலூருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் குடியிருக்கிறோம். பெங்களூருக்கு வேலைக்குப் போன மகள் தன் பழைய லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனாள். அதில்தான் அந்த நீர்மூழ்கி விளையாட்டு எனக்குக் கிடைத்தது. 'அப்பா, உங்க வேலதான் இது, ஆடிப் பாருங்க' என்றாள்.

ஆடிப் பார்த்தேன். வயிறு எரிந்தது. அந்த விளையாட்டில் கப்பல் மூழ்கும்போது எல்லோரும் கத்துகிறார்கள். எதிரி தலைக்கு மேலே நிற்கும்போது கேப்டன் தொண்டை கிழியக் கத்துகிறார். ஐயா, எதிரி தலைக்கு மேலே இருந்தால் நாங்கள் இருமலைக்கூட முழுங்குவோம். நடக்கிறவன் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பான். பாத்திரம் பண்டம் எல்லாம் துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கும். கடலுக்கடியில் கண்ணாடித் தொட்டி மாதிரி நீலமாக எல்லாம் தெரிகிறதாம், விளையாட்டில். நாங்கள் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. தண்ணீர் எங்களுக்கு வெறும் சத்தம்தான். வியர்வை இல்லை, டீசல் நாற்றம் இல்லை, குளிக்காத எழுபது பேர் இல்லை. சமையல்காரர் என்று ஒரு ஆள்கூட இல்லை. எழுபது பேருக்கும் மூன்று வேளை யார் பொங்கிப் போட்டார்கள் என்று நினைத்தார்களோ தெரியவில்லை.

இந்த மாதிரி விளையாட்டுகளுக்குள் இருக்கும் சத்தங்களையும் எண்களையும் மாற்றி, நிஜத்தோடு பொருந்தச் செய்கிற கூட்டம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. அவர்கள் அதற்கு 'மோட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தேடிக்கொண்டே போனபோது, நான் வேலை பார்த்த அதே வகைக் கப்பலை, ரஷ்யாவில் கட்டி நம் கடற்படை ஓட்டிய அந்தப் பழைய கப்பலை, விளையாட்டுக்குள் கொண்டுவர ஆறு பேர் முயன்றுகொண்டிருப்பது தெரிந்தது. ஆறு நாடு, ஆறு பேர். ஒருவரும் அதற்குள் கால் வைத்ததில்லை. நான் ஏழாவதாகச் சேர்ந்தேன். சத்தங்கள் என் பொறுப்பு என்று நானே எழுதிப் போட்டேன். மறுப்பு வரவில்லை.

அடுத்த ஆறு மாதம் நான் சத்தம் பிடித்துக்கொண்டு திரிந்தேன். எங்கள் கப்பலுக்கு மூன்று டீசல் இன்ஜின். அதற்குச் சாமை அரைக்கிற மில்தான் சரி என்று பட்டது. அங்கே மூன்று மிஷின் ஒரே நேரத்தில் ஓடும். கைபேசியை ஒரு தகர டின்னுக்குள் வைத்து, மேலே சாக்கைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தேன். கப்பல் மேலே எழும்போது அதன் தண்ணீர்த் தொட்டியில் காற்றை ஊதுகிற சத்தத்துக்கு, போர்வெல் லாரி எங்கே நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டு போனேன். ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது.

மனைவி ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் கேட்டாள்: "இன்னாங்க இது, சாமை மில்லுல டின்னுக்குள்ள ஃபோன வச்சிகினு உக்காந்து கீறீங்களாமே? மில்லுக்காரரு எங்கிட்ட வந்து, சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேக்கறாரு. நான் இன்னா சொல்றது?"

"நேவி வேலன்னு சொல்லு" என்றேன்.

"நேவிக்காரன் சாமை மில்லுல இன்னா தேடறான்னு கேட்டா?"

அவளுடைய கிரைண்டரையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கிரைண்டர்தான் இந்தச் சண்டைக்கே மூலம். எங்கள் கப்பலுக்கு மூன்று புரொப்பல்லர். ஆனால் ஓசைப்படாமல் ஊர்ந்து போகும்போது நடுவில் இருப்பது மட்டும்தான், சின்ன மோட்டாரில், மெதுவாகச் சுற்றும். மற்ற இரண்டும் சும்மா கிடக்கும். விளையாட்டில் மூன்றும் சுற்றுகிற மாதிரி வைத்திருந்தார்கள். நான் ஈரத்துணி சுற்றிய கிரைண்டரின் சத்தத்தை எடுத்து, வேகத்தைக் குறைத்து, நடுப் புரொப்பல்லருக்காக அனுப்பினேன். ஒரு பக்கம் விளக்கமும் எழுதினேன். அதற்குத்தான் அந்தக் கூட்டத்தின் தலைவன் 'ஆதாரம்?' என்று கேட்டான். முகப்படமாக ஒரு நங்கூரம் வைத்திருக்கிறவன். கூடவே ஒரு புத்தகத்தின் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டான். அதில் மூன்றும் சுற்றும் என்று இருந்தது. எழுதியவர் யாரோ ஒரு பேராசிரியர்.

நான் கொதித்துப்போய் எழுதினேன். அந்தப் பேராசிரியர் எந்த அறையில் படுத்தார், அவர் தலைமாட்டில் எந்தக் குழாய் ஓடியது என்று கேட்டேன். நான் கேட்டவன், அவர் படித்தவர் என்றேன். புத்தகத்தில் அச்சாகிவிட்டால் அது சரித்திரம், நான் சொன்னால் கதையா என்றேன். நம் கப்பலைப் பற்றி நம் ஆள் சொன்னால் நம்ப மாட்டார்கள், வேறு நாட்டுக்காரன் நூலகத்தில் உட்கார்ந்து எழுதினால் மட்டும் தலையில் வைத்துக்கொள்வார்கள் என்று இன்னும் நிறைய எழுதினேன். எழுதியதை அப்படியே எங்கள் பழைய கப்பல்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். அறுபது பேர் இருக்கிற குழு. 'விடாதே', 'நாமதான் சாட்சி' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் போதையாகவே இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

நங்கூரக்காரன் இரண்டு நாள் கழித்து இறங்கி வந்தான். அந்தக் கப்பலில் வேலை செய்த இன்னொருவர் கேட்டுவிட்டு, சரி என்று பெயரோடு எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னான். முடியாவிட்டால் புத்தகத்தில் இருக்கிறபடிதான் போகும் என்றும் சொன்னான். அதாவது எங்கள் கப்பல் உலகம் முழுக்கத் தப்பாகவே ஓடும்.

என்னோடு காதில் ஹெட்போன் மாட்டியவர்கள் மூன்று பேர். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவருக்கு இப்போது காதே கேட்பதில்லை. மூன்றாமவர் குழுவில் கைதட்டினாரே தவிர, பெயர் போட்டு எழுதச் சொன்னதும் பென்ஷனுக்கு வம்பு வந்துவிடும் என்று நழுவினார். அப்போதுதான் சமையல்காரர் ஞாபகம் வந்தது. என்னைவிட மூன்று வயது மூத்தவர், திருப்பத்தூர்க்காரர். மலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அந்தக் கப்பலில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர்தான். குழுவில் இருக்கிறார், ஆனால் ஒரு வார்த்தை எழுதியது இல்லை. சமைக்கிறவருக்கும் காது உண்டு, அதே இரும்புக்குள் அவரும் கிடந்தவர்தானே என்று சத்தங்களை அவருக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் கூப்பிட்டேன்.

"கேட்டேம்ப்பா" என்றார். "அந்த மெதுவா சுத்தறது கிரைண்டர்தான?"

"ஆமாண்ணா."

"ஆனா சரியா கீது. கண்ண மூடிகினா அங்கயே போய்ட்ட மாதிரி கீது."

எனக்குக் குளிர்ந்துவிட்டது. "அப்ப ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்கண்ணா" என்றேன்.

"குடுக்கறேன். ஒண்ணு கொறையுது, அத போட்டா குடுக்கறேன்."

"இன்னாண்ணா கொறையுது?"

"டம்ளரு" என்றார்.

வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஃபோனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு எச்சில் விஷயத்தில் ஒரு கூச்சம் உண்டு. எங்கள் வீட்டில் செம்பையோ டம்ளரையோ தூக்கி அண்ணாந்துதான் குடிப்போம். ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் குடிக்க மாட்டோம். கப்பலிலோ கழுவத் தண்ணீர் கிடையாது. ஒரே குவளை பத்து வாய் பார்த்துவிட்டு வரும். அதனால் லீவில் வந்தபோது அம்மாவிடம் சொல்லி, என் பெயரைத் தமிழில் வெட்டிய ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துப் போனேன். தனிப்பட்ட உலோகச் சாமான் கப்பலுக்குள் கூடாது என்பது விதி. ஒரு பழைய லுங்கியில் சுற்றி, நான்காம் அறையில் என் படுக்கைக்கு மேலே ஓடிய குழாயின் இடுக்கில் சொருகி வைத்திருந்தேன். அதே நான்காம் அறையின் அந்தக் கோடியில்தான் சமையல் அடுப்பு.

ஒரு பயிற்சி. நம் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்று எங்களைத் தேட வேண்டும், நாங்கள் அகப்படாமல் தப்ப வேண்டும். ஏறத்தாழ இரண்டு நாள் தப்பிவிட்டோம். அன்று பணிக்குப் போவதற்கு முன் தண்ணீர் குடித்தேன். அவசரத்தில் டம்ளரைத் துணி சுற்றாமல் இடுக்கில் வைத்துவிட்டுப் போனேன். கப்பல் ஆழம் மாற்ற மூக்கைத் தாழ்த்தியது. ஹெட்போனில் எனக்குக் கேட்டது. இரும்புத் தரையில் எவர்சில்வர் விழுந்து, இரண்டு தடவை குதித்து, உருண்டு, எதிலோ முட்டி நின்றது. என் வீட்டுப் பாத்திரம் விழுகிற சத்தம் எனக்குத் தெரியாதா. சில நிமிடத்தில் மேலே இருந்த கப்பலின் சுற்று கூடியது. எங்களைப் பார்த்துத் திரும்பியது. அதையெல்லாம் ஒரு சுற்றுகூடத் தப்பாமல் எண்ணிச் சொன்னேன். "நம் சத்தம் எங்கிருந்து?" என்று அதிகாரி கேட்டார். "நான்காம் அறை" என்றேன். அதுவும் சரியான பதில்தான். என்ன விழுந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

நான்காம் அறையில் உலோகச் சத்தம் என்றால் வேறு யார்? சமையல்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் அவர் தங்கைக்குக் கல்யாணம். அவர் ஒரே அண்ணன், அப்பா இல்லாத குடும்பம். லீவை ரத்து செய்தார்கள். மணவறையில் அவர் நிற்க வேண்டிய இடத்தில் சித்தப்பா மகன் நின்றான். நான் மறுநாள் டம்ளரைத் தேடினேன், கிடைக்கவில்லை. தரைத் தகட்டுக்குக் கீழே போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். அம்மாவிடம் கடலில் விழுந்துவிட்டது என்று சொன்னேன். அதோடு அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். நன்றாகவே பழகியிருக்கிறேன். ஆறு மாதம் கப்பலின் ஒவ்வொரு சத்தத்தையும் தேடித் திரிந்தபோதும் அது ஒருமுறைகூட எனக்குக் கேட்கவில்லை.

ஃபோனில் முதலில் எனக்கு வந்தது கோபம்தான், வெட்கம் இல்லை. "முப்பது வருஷமா தெரிஞ்சி வச்சிகினு கம்முனு இருந்தீங்களா?" என்று நானே அவரைக் கேட்டேன். கேட்ட வாயை இப்போது நினைத்தாலும் அறையத் தோன்றுகிறது.

"என் கால்ல வந்துதான்டா முட்டுச்சி" என்றார். "எடுத்துப் பாத்தேன். உன் பேரு. எனக்கும் உனக்கும் தவுர அங்க யாருக்குப் படிக்கத் தெரியும்? அரிசி மூட்டைல சொருகிட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணா."

"நீ வந்து சொல்லுவேன்னு பாத்தேன். அன்னிக்கி வரல. மறுநாளு வரல. அப்பறம் நீ வேற கப்பலுக்குப் போய்ட்ட. இப்ப குரூப்புல போட்ட பாரு, அத படிச்சேன். நாங்கதான் சாட்சி, சரித்திரத்த மாத்தக் கூடாதுன்னு பக்கம் பக்கமா. செம கடுப்பாய்டுச்சி."

"டம்ளரு இப்ப எங்க கீதுண்ணா?"

"வூட்டுலதான் கீது. வா."

மறுநாள் காலை பஸ்ஸில் திருப்பத்தூர் போனேன். வழியெல்லாம் என் மேல் எனக்கு ஆத்திரம். ஒரு புரொப்பல்லருக்காக ஒரு பேராசிரியரைக் கிழித்தவன், ஒரு மனிதனின் லீவைப் பற்றி மூச்சு விடாமல் இருந்திருக்கிறேன். நங்கூரக்காரன் தெரியாமல் தப்பு செய்தான். நான் தெரிந்தே செய்தேன்.

வீட்டில் அவர் மனைவி காபி கொடுத்தார். அதே டம்ளரில்தான் கொடுத்தார். விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. என் பெயர் பாதி தேய்ந்திருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. அண்ணாந்து குடிக்கக் கை வரவில்லை. வாய் வைத்தே குடித்தேன்.

"அந்தக் கல்யாணத்துக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அவளே பேத்தி எடுத்துட்டா. உடு" என்றார் அவர். விடச் சொன்னாரே தவிர, என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

டம்ளர் விழுகிற சத்தத்தைப் பதிவு செய்யச் சிமெண்டுத் தரை சரிப்படாது, இரும்பு வேண்டும் என்றேன். அந்த நிலைமையிலும் எனக்கு அது முக்கியமாகப் பட்டது. ஓய்வுக்குப் பிறகு அவர் மெஸ் நடத்தியபோது வைத்திருந்த பெரிய தோசைக்கல்லைக் கொல்லையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். "போடுங்கண்ணா" என்று டம்ளரை நீட்டினேன். "நான் எதுக்குப் போடணும்? நீயே போடு" என்றார். போட்டேன். விழுந்தது, இரண்டு தடவை குதித்தது, உருண்டுபோய் அவர் காலில் முட்டி நின்றது. அவர் குனிந்து எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

அந்தச் சத்தத்தை, கப்பல் ஊர்ந்து போகும்போது எப்போதாவது ஒரு தடவை, ஆழம் மாற்றுகையில் கேட்கும்படி வைத்து அனுப்பினேன். அது கேட்டால் எதிரி திரும்புவான், ஆடுகிறவன் அகப்படுவான். அன்று மாலையே நங்கூரக்காரனிடமிருந்து பதில் வந்தது. கப்பல் தன்னையே காட்டிக்கொடுக்கிற இந்தச் சத்தம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றான். கடைசியில் அதே வார்த்தை: "ஆதாரம்?"

இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. மனைவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அவளிடம் முதலில் சொன்னேன். அவள் விடைத்தாள் கட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த அறுபது பேர் கீற குரூப்புலயும் போடுவீங்களா?" என்றாள்.

"போடணும்."

"போட்டுட்டு வந்து சாப்புடுங்க."

எழுதினேன். "ஆதாரம் நான். அந்த டம்ளர் என்னுடையது. விதியை மீறி நான்காம் அறையில் வைத்திருந்தேன். என்ன விழுந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். கேட்டபோது சொல்லவில்லை. தண்டனையைச் சமையல்காரர் அனுபவித்தார். தங்கை கல்யாணத்துக்கு அவரால் போக முடியவில்லை." கீழே என் பெயர், என் பணி எண். அந்தக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் அனுப்பினேன். எங்கள் குழுவுக்கும் அதையே அனுப்பினேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. படித்துவிட்டார்கள் என்பதற்கான நீல அடையாளம் மட்டும் விழுந்தது.

அடுத்த நாள் மத்தியானம் சமையல்காரர் அந்தக் குழுவில் முதல்முறையாக எழுதினார். நங்கூரக்காரனுக்கு ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பச் சொல்லி, தன் பெயரும் பணி எண்ணும் போட்டு, தமிழில் ஒரே வரி: "கேட்டேன். இப்ப சரியா கீது."